பஞ்சர் ஒட்டிய டயர்

தணிகாசலம் ஆசிரமத்து வாசலில் பிரேக் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன. அவர் கார்க் கதவை அறைந்து சாத்தியதில் மிச்சம் இருந்தவையும் பறந்துவிட்டன. வாடகைக் கார் ஓட்டுபவர். சீடர்களில் அவரைப் போல முன்கோபி வேறு யாரும் இல்லை.

குரு மங்கையர்க்கரசி அம்மாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. எம் மக பூங்கோதைக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சா பெத்தவங்க வீட்டுக்கு வரணுமா இல்லையா? மாமியார் வீட்டுலயே இருந்துக்கறேங்கறா!”

“ஏனாம்?”

“போன வருஷம் ஒரு கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி அவளை அறைஞ்சுட்டேன். தப்புதான். மன்னிப்புக் கேட்டாச்சு. அவளும் சரிப்பான்னுட்டா. பேசறா, சிரிக்கறா. வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் ‘கொஞ்ச நாள் போகட்டும்பா’ங்கறா. அப்புறம் என்ன மன்னிப்பு? இன்னிக்குக் கையோட கூட்டிட்டு வரப் போறேன்!”

குரு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பின் டயர் அருகே குனிந்தார்.

“இது என்ன எழுத்து?”

தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன கேட்கிறார்!

“அது ‘எச்’. டயர் எவ்வளவு வேகம் தாங்கும்னு அர்த்தம். ‘டி’ன்னா மணிக்கு நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். ‘எச்’னா இருநூத்திப் பத்து.”

“இந்த டயர் அவ்வளவு தாங்குமா?”

“மத்த மூணும் தாங்கும். இது பஞ்சர் ஒட்டினது.”

“சரியா ஒட்டலையா?”

“பக்கத்துல நின்னு ஒட்ட வெச்சேன். பொட்டுக் காத்து இறங்கலை.”

“எழுத்து அழியலையே?”

“எழுத்து இருந்து என்ன பண்றது? குத்துப்பட்ட டயரை அந்த வேகத்துக்கு நம்ப முடியாதும்மா. மெதுவாப் போனா ஊர் போய்ச் சேரலாம்.”

“ஒட்டினப்புறமும் பழைய வேகத்துக்கு வரலேன்னா அது என்ன டயர்?” குருவின் குரல் சட்டென்று உயர்ந்தது. “நாலு உதை விடு!”

“டயர் என்னம்மா பண்ணும்?” தணிகாசலம் கையை ஓங்கிக் கத்தினார். “ரோட்டுல ஆணி போட்டவனைச் சொல்லுங்க! எவன்னு தெரிஞ்சா அவன் கையை ஒடிச்சுடுவேன்!”

ஓங்கிய அந்தக் கையையே குரு பார்த்தார்.

“உன் மக அவ்வளவெல்லாம் கேக்கலையே” என்றார்.