வக்கீல் பரிமாறிய பந்தி

மடத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஆவுடையப்ப பிள்ளை அன்று பூட்சோடு முற்றம்வரை வந்துவிட்டார்.

குரு அவர் காலைப் பார்த்தார். பிள்ளையும் குனிந்து தம் காலைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

திருநெல்வேலி ஜில்லாவில் கோர்ட்டு வாசலை மிதித்த எவருக்கும் ஆவுடையப்ப பிள்ளையைத் தெரியும். வெள்ளைக்கார ஜட்ஜுகளுக்கே சட்டம் சொல்லிக் கொடுக்கிறவர் என்று பெயர். தமிழில் புலவர், வடமொழியில் பண்டிதர், இங்கிலீஷில் வாயைத் திறந்தால் துரைமார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் குருவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று வந்தார். கேட்ட கேள்விக்குக் குரு, "எனக்குத் தெரியாது" என்றார். அந்த வார்த்தையைப் படித்தவர் ஒருவர் வாயிலிருந்து பிள்ளை அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்கே சீடராகிவிட்டார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் பிள்ளைக்கு வருத்தம் கிடையாது, இருந்தாலும் கொஞ்சம்தான்.

"உக்காருங்க பிள்ளைவாள்."

"உக்கார முடியலை சாமி." பிள்ளை முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். "ரெண்டு நாளாக் கண்ணை மூடலை."

"என்ன விஷயம்?"

"நான் எழுதின புஸ்தகம் நிஜமா பொய்யான்னு தெரியணும்."

பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் அந்தப் புத்தகத்தை எழுதினார். எந்த ஊரில் என்ன வழக்கம், அப்பன் செத்தால் சொத்து யாருக்கு, பெண்ணுக்கு என்ன, தத்துப்பிள்ளைக்கு என்ன என்று ஜில்லா முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு போய் விசாரித்து இங்கிலீஷில் எழுதினார். துரைமாருக்கு ஊர் வழக்கம் தெரியாது. ஊராருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே அந்தப் புத்தகத்தில் இருப்பதே வழக்கம் என்று ஆகிவிட்டது. அது இல்லாத ஜட்ஜு மேஜை கிடையாது. அதன் பலத்தில்தான் ஐகோர்ட் ஜட்ஜ் வேலைக்குப் பிள்ளையின் பெயர் மேலே போயிருந்தது.

அந்தப் புத்தகத்தில் ஆலடிக்குளம் என்ற ஊரைப் பற்றி ஒரு வரி உண்டு. 'இவ்வூரில் பெண்ணுக்கு வீட்டில் பாத்தியதை இல்லை; சோறும் துணியும் மட்டுமே.'

உலகம்மாள் அந்த ஊர்க்காரி. புருஷன் இல்லை, குழந்தை இல்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் இருந்தாள். வீடு தன்னுடையது என்று அவளுடைய பெரியப்பா மகன் வழக்குப் போட்டான். ஊர்க் கிழவிகள் ஒரு வண்டி நிறைய வந்து கூண்டிலேறி, தாய் இருந்த வீடு மகளுக்குத்தான், எங்கள் ஊரில் என்றைக்கும் அப்படித்தான் என்று சொன்னார்கள். ஜட்ஜ் துரை பொறுமையாகக் கேட்டார். பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கைநாட்டு வைக்கிறவர்கள் சொல்வதை நம்புவதா, ஆவுடையப்ப பிள்ளை எழுதியதை நம்புவதா? எழுதியவரே வந்து இந்தக் கூண்டிலேறி மாற்றிச் சொல்லட்டும், கேட்கிறேன். இல்லாவிட்டால் திங்கட்கிழமை தீர்ப்பு."

இதைக் கேள்விப்பட்டதும் முதலில் பிள்ளைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோது பெருமை போய்விட்டது. தூக்கமும் அதன் பின்னாலேயே கிளம்பிப் போய்விட்டது.

குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆலடிக்குளத்துல யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"ஊர்ப் பெரியவங்ககிட்டதான். நாட்டாமை, கர்ணம், கோயில் தர்மகர்த்தா. ஒருத்தர் விடாம அதையேதான் சொன்னாங்க. ஸ்மிருதியிலயும் அதுக்கு இடம் இருக்கு. சுலோகம் சொல்லட்டுமா?"

"வேண்டாம். சாப்பாட்டு நேரமாச்சு."

"சாமி, திங்கக்கிழமை தீர்ப்பு!"

"அதுக்கு முந்தி இன்னைக்கு மத்தியானம் இருக்கே. பரிசாரகன் மகளுக்குப் பிரசவம்னு ஊருக்குப் போயிட்டான். சமைச்சு வச்சிருக்கான், போடத்தான் ஆள் இல்லை. இன்னைக்கு நீங்க போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தாமாக எடுத்தறியாதவர் ஆவுடையப்ப பிள்ளை. கோட்டைக் கழற்றித் தூணில் மாட்டினார். தலைப்பாகையை எடுக்க மறந்துவிட்டார். குருவும், மடத்துக்குப் பூக்கட்டும் பண்டாரமும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். வக்கீல் குனிந்து சோறு போடுவதைப் பார்த்த பண்டாரத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இலையைப் பார்த்துக்கொண்டு சமாளித்தான்.

பிள்ளை குருவின் இலையில் சோற்றைப் போட்டார். நிமிரவில்லை.

"சாமி, அந்தக் கிழவிங்க சொன்னது..."

"சோறு போதும்" என்றார் குரு. பண்டாரத்தின் பக்கம் திரும்பினார். "வில்வ மரத்துல பூச்சி விழுந்திருக்குன்னியே, வேப்பெண்ணெய் அடிச்சியா?"

பிள்ளை உள்ளே போய்க் குழம்பு வாளியை எடுத்து வந்தார். ஊற்றினார். இலையோரம் தாண்டித் தரையிலும் ஊற்றினார்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"குழம்பு போதும்." குரு இலைமேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். "அடிமரத்துல சுண்ணாம்பு தடவினா இன்னும் நல்லது."

"அடிச்சுட்டேன் சாமி, தடவத்தான் இல்லை" என்றான் பண்டாரம்.

பிள்ளை கரண்டியும் கையுமாக நின்றார். மரம், பூச்சி, சுண்ணாம்பு, மறுபடியும் மரம். அவர் இருப்பதாகவே இருவரும் காட்டிக்கொள்ளவில்லை. கோர்ட்டில் அவர் தொண்டையைக் கனைத்தாலே சபை அடங்கும். இங்கே இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். பண்டாரம் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சாமி, ஒரே ஒரு வார்த்தை..."

"போதும், போதும். வயிறு நிறைஞ்சுபோச்சு."

பிள்ளைக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நான் என்ன குழம்பு ஊத்தவா வந்தேன்? ரெண்டு நாளாத் தூக்கம் இல்லாம ஒருத்தன் வந்து நிக்கேன். வாயைத் திறந்தா சோறு போதும், குழம்பு போதும்! எனக்குப் பேசணும் சாமி, பேசணும்!"

பண்டாரம் பிசைந்த கையை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"கோபப்படாதீங்க பிள்ளைவாள்" என்றார் குரு. "கையில கரண்டி இருந்துது. சோறு போடுறதுக்குத்தான் நிக்கீங்கன்னு நினைச்சுட்டேன்."

பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தார். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். கரண்டியிலிருந்த குழம்பு சொட்டுச் சொட்டாக அவர் வேட்டியில் விழுந்தது.

ஆலடிக்குளத்தில் அன்றைக்கு அவருக்குத் தடபுடலாகச் சாப்பாடு போட்டார்கள். ஊரிலேயே விசாலமான வீடு என்று ஒரு வீட்டில் பந்தி. நாட்டாமையும் கர்ணமும் தர்மகர்த்தாவும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு வீட்டில் உரிமை உண்டா என்று அவர் கேட்டதும் அங்கேதான், சாப்பிட்டுக்கொண்டேதான். வீட்டுக்காரி பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் ரசக் கரண்டியோடு அவர் இலை முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒண்ணு..." என்றாள்.

அவர் இலைமேல் கையை விரித்தார். "போதும்மா, போதும்."

அவள் போகவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, இந்த ஊர்ப் பெண்கள் உபசாரத்தால் ஆளைக் கொன்றுவிடுவார்கள் என்று தர்மகர்த்தாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்விட்டாள்.

பிள்ளை கரண்டியை வாளியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஆலடிக்குளத்துல எனக்குச் சாப்பாடு போட்ட வீடு யாரோடது சாமி?"

"உலகம்மாளோட அம்மா வீடு. போன வாரம் உலகம்மா இங்க வந்து அழுதா. புஸ்தகம் எழுதின ஐயாவுக்கு என் கையாலதான் சோறு போட்டேன், என்கிட்ட மட்டும் கேக்கலையேன்னு அவ அம்மா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாளாம்."

"அப்போ நான் எழுதினது தப்பு."

 குரு இலையை மடித்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

பிள்ளை வேட்டியில் சிந்திய குழம்பைத் தலைப்பாகையால் துடைத்தார். ஆனால் வக்கீல் மூளை எத்தனை நேரம் சும்மா இருக்கும்? மெல்ல எழுந்தார். மறுபடியும் நடை ஆரம்பித்தது.

"சாமி, நிதானமா யோசிக்கணும். நானே கூண்டுல ஏறி இந்த வரி தப்புன்னு சொன்னா, மத்த வரியெல்லாம் சரியான்னு எதிர்வக்கீல் கேப்பான். இந்தப் புஸ்தகத்தை நம்பித் தீர்ந்த வழக்கு ஒண்ணா ரெண்டா? எல்லாம் கலகலத்துப்போகும்."

"ஆமா."

"என் பேரு கிடக்கட்டும். ஐகோர்ட்டுல நம்மாள் ஒருத்தன் உக்கார்ந்தா இந்த மாதிரி ஏழை எளியதுகளுக்கு எத்தனை உபகாரம் பண்ணலாம்! இந்த நேரத்துல அதைக் கெடுத்துக்கிட்டா யாருக்கு லாபம்?"

"சரிதான்."

குரு ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ளப் பிள்ளையின் குரல் உயர்ந்தது. பழைய கம்பீரம் திரும்பி வந்தது. தூணிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அதுக்காக நான் விட்டுடப் போறதில்லை. வர்ற தை மாசம் ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. நானே ஆலடிக்குளம் போறேன். இந்தத் தடவை ஆம்பளைங்க யாரும் வேண்டாம். வீடு வீடாப் போய்ப் பொம்பளைங்ககிட்டயே உக்கார்ந்து கேக்கேன். அந்த வரியை அடியோட எடுத்துடுதேன். முதல் பதிப்புல தப்பு நேர்ந்துடுச்சுன்னு அடிக்குறிப்பும் போடுதேன். எந்தக் கிரந்தகர்த்தா தன் தப்பைத் தானே அச்சுல ஒத்துக்கிட்டிருக்கான், சொல்லுங்க?"

"நல்ல காரியம்" என்றார் குரு. "செய்யுங்க."

பிள்ளைக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது. பண்டாரம் அவருக்கென்று ஓர் இலையைப் போட்டான். பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குருவே வாளியை எடுத்து வந்து சோறு போட்டார், நிறையப் போட்டார்.

முதல் கவளத்தை உருட்டியபோது குரு கேட்டார்.

"தைக்கு முந்தி ஐப்பசியும் கார்த்திகையும் வருதே பிள்ளைவாள். அந்த மழையில உலகம்மாளை எங்க இருக்கச் சொல்லட்டும்?"