பாறுக் கழுகின் பெயர்ப்பலகை

ஒரு காட்டில் பெயர்களைப் பதிவு செய்ய ஓர் அலுவலகம் இருந்தது. அதிகாரி யானை. ஈரக் களிமண் பலகையில் தொழிலின் பெயரை எழுதிக் கொண்டுவந்தால், ஓரத்தில் தன் கால்தடத்தைப் பதித்துத் தரும். பிறகு அந்தப் பெயரை வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒருநாள் பாறுக் கழுகு வந்தது. செத்த விலங்குகளைத் தின்று, குளத்தங்கரை நாறாமல் பார்த்துக்கொள்வது அதன் தொழில். 'பிணந்தின்னி துப்புரவுக் குழு' என்று பலகையில் எழுதியிருந்தது.

யானைக்கு மரியாதை என்றால் உயிர்.

"சீச்சீ! இது வசைச்சொல். கேட்பவர் மனம் புண்படும். 'நறுமணச் சேவை' என்று மாற்றிக்கொண்டு வா."

"காடே என்னை அப்படித்தான் ஐயா திட்டுகிறது. அழுது பார்த்தேன். பிறகு அதையே என் பெயராக வைத்துக்கொண்டேன். இப்போது நரி அந்தப் பெயரில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் குளத்தில் தள்ளுகிறது. என்னை யாரும் கூப்பிடுவதில்லை. என் குஞ்சுகள் பட்டினி."

"சட்டம் சட்டம்தான். யாராவது ஒருவர் மனம் புண்பட்டாலும் என் கால்தடம் கிடைக்காது."

"யாராவது ஒருவரா?"

"எறும்பானாலும் சரி."

கழுகு வெளியே போய், எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் இந்தச் சட்டத்தைச் சொன்னது.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். 'பூனையார் பால் கடை' என்ற பெயர் மனதைப் புண்படுத்துவதாக எலி மனு கொடுத்தது. 'கொக்கு மருத்துவமனை' வேண்டாம் என்றது மீன். 'சிங்கம் காவல் படை' என்று படித்தாலே மேய்ச்சலை விட்டு ஓட வேண்டியிருக்கிறது என்றது மான். யானை மூன்று பலகைகளையும் வாங்கி உடைத்தது. சிங்கத்தின் பலகையை உடைக்கும்போது மட்டும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது.

கடைசியாக எறும்பு வந்தது.

"உனக்கு எந்தப் பெயர் பிடிக்கவில்லை?"

"பெயர்களில் குறை இல்லை, ஐயா. ஓரத்தில் இருக்கிறதே உங்கள் கால்தடம், அதுதான். போன மழைக்காலத்தில் எங்கள் புற்றை மிதித்ததும் அந்தக் கால்தான். எழுநூறு பேர் போய்விட்டார்கள்."

"மனம் புண்படுகிறதா?"

"மிகவும்."

யானை தன் காலைப் பார்த்தது. கால்தடம் இல்லாவிட்டால் அலுவலகம் இல்லை. அலுவலகம் இல்லாவிட்டால் அதிகாரியும் இல்லை.

"பிடிக்காவிட்டால் பார்க்காமல் போயேன்" என்றது யானை.

"நேற்று நானும் அதைத்தான் ஐயா சொல்ல வந்தேன்" என்று எறும்பின் பின்னால் நின்ற கழுகு, அதே பெயரை எழுதிய புதிய ஈரப் பலகையை நீட்டியது.

யானை காலைத் தூக்கிப் பதித்தது. உடைந்த மூன்றுக்கும் வேறு பலகை கொடுத்தது. அன்று மாலையே நரி தன் பலகையைக் கழற்றியது.

நீதி: மனம் புண்படுகிறது என்று பிறர் பெயரை அழிக்கும் அதிகாரி, முதலில் தன் முத்திரையை அழிக்கத் தயாராக இருக்க வேண்டும்.