டாக்டர் துரத்திய கிளைடர்

"மாஸ்டர், அந்தாளு கிளைடர் ஒடைஞ்சு விழோணும்னு தோணுதுங்க."

சொன்னவர் சடையப்பன். தாராபுரத்தில் பல் டாக்டர். வயது ஐம்பத்தாறு. ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

கேட்டவர் கலாமணி. முப்பத்தெட்டு வயது. கல்யாண மண்டபங்களுக்கு மாப்பிள்ளை பெண் பெயரைத் தெர்மாகோலில் வெட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். சூடான கம்பியை ஓட்டி எழுத்து வெட்டுகிற அதே கையால் கிளைடருக்கு இறக்கையும் வெட்டுவார். அந்தப் பக்கம் ரிமோட் கிளைடர் விடுகிற எட்டுப் பேருக்கும் அவர்தான் குரு. அவரைவிட மூத்தவர்களும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கலாமணி கம்பியின் சூட்டை அணைத்தார்.

"எப்படி விழோணுங்க?"

டாக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த வயதில் பொறாமையா என்று நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று வந்திருந்தார்.

"எப்படீன்னா?"

"தானா விழோணுமா, நீங்க விழ வெக்கோணுமா?"

டாக்டர் தரையில் கிடந்த தெர்மாகோல் துண்டைச் செருப்பு நுனியால் தள்ளினார்.

கிளைடர் என்பது ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன விமானம், அதற்கு மோட்டார் கிடையாது. ரப்பர் கயிற்றில் மாட்டி இழுத்து விட்டால் ஒரு பனைமரம், இரண்டு பனைமர உயரம் ஏறும், அதோடு சரி. அப்புறம் தரையில் நின்றபடி ரிமோட்டின் குச்சியை அசைத்து அசைத்து, காற்று எங்கே மேலே எழுகிறதோ அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயிலில் நிலம் காய்ந்தால் மேலிருக்கும் காற்று சூடாகிக் கிளம்பும். தெர்மல் என்பார்கள். அதற்குள் நுழைந்து வட்டமடிக்கத் தெரிந்தால் அரை மணி நேரம்கூட இறங்காது. தெரியாவிட்டால் இரண்டே நிமிடத்தில் தரை.

டாக்டருக்கு இதில் பதினோரு வருடப் பழக்கம். அவருடைய கிளைடருக்குக் கார்பன் இறக்கை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால்தான் அதைத் துடைப்பார். ஊருக்கு வெளியே, கிளுவை வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவார்கள். கடைசியாக இறங்குவது டாக்டருடையதாகத்தான் இருக்கும். பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தது.

போன புரட்டாசியில் குழந்தைவேலு வந்தார்.

சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். கலாமணியின் கடைக்குத் தெர்மாகோல் பலகை இறக்க வந்த மனிதர், சுவரில் தொங்கிய இறக்கையைப் பார்த்துவிட்டு, இது நெசமாலுமே பறக்குங்களா என்று கேட்டார். அவ்வளவுதான். கல்யாண எழுத்துகள் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒரு கிளைடர் செய்தார். நாலாவது ஞாயிறு, டாக்டருடையது இறங்கிய பிறகும் அது மேலே இருந்தது. எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து அதோடு சேர்ந்து சுற்றியது.

டாக்டரின் கார்பன் இறக்கையை ஒரு பருந்தும் எட்டிப் பார்த்ததில்லை.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், பல்லைக் கிண்ணத்தில் போட மறந்து, இடுக்கியும் கையுமாக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை வந்தால் மழை வராதா என்று ஏங்கினார். கிளைடர்க்காரன் மழை வேண்டுவது எங்கேயாவது உண்டா?

என்ன சூட்சுமம் என்று குழந்தைவேலுவிடமே நைசாகக் கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் மூக்குப் பக்க மூடியைக் கழற்றி, எடை சரிக்கட்ட ஈயத்துண்டு எங்கே வைத்திருக்கிறேன், எத்தனை கிராம், எந்தப் பசை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறைத்திருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது கலாமணி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, மிச்சத்தையும் டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே தெர்மலுக்குள் இரண்டு கிளைடர் சுற்றும்போது மோதிக்கொள்வது சகஜம். யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மேலிருந்து இறங்கி, கார்பன் இறக்கையின் முன்விளிம்பால் ஒரு இடி இடித்தால் தெர்மாகோல் இரண்டாகப் போகும். தன்னுடையதில் கீறல்கூட விழாது. நேரத்தைக்கூட முடிவு செய்திருந்தார். பதினொன்றரை மணி.

"நல்லா யோசிச்சிருக்கீங்க," என்றார் கலாமணி.

"வெளையாட்டில்லீங்க மாஸ்டர். ஒண்ணு, அது விழோணும். இல்லீன்னா நான் இந்த ஆட்டத்தையே விட்டுட்டுப் போகோணும். ரெண்டுல ஒண்ணு."

"போக வேண்டாங்க. ஞாயித்துக்கெழமை மோதிருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கலாமணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு. அதும்மேல வெச்ச கண்ண எடுத்துராதீங்க."

சொல்லிவிட்டுக் கம்பியைச் சூடாக்கி, பாதியில் நின்ற ஒரு மணப்பெண்ணின் பெயரை வெட்டத் தொடங்கினார்.

அது அனுமதியா கிண்டலா என்று டாக்டருக்கு விளங்கவில்லை. நாலு நாள் யோசித்தார். கேட்டாயிற்று, சரி என்றாயிற்று, இனி மாஸ்டர் பாடு என்று தனக்கு வசதியாக ஒரு முடிவுக்கு வந்தார்.

சனிக்கிழமை மாலை குழந்தைவேலு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பல்வலி இல்லை. டாக்டர் கிளைடரின் வாலில் ஒரு இடத்தில் டேப் உரிந்திருந்ததைப் போன வாரம் பார்த்தாராம். நல்ல டேப் ஒன்று கிடைத்தது, இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு சுருளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் நன்றி சொன்னார். அந்த நிமிடம் அவருக்கு அந்த ஆள்மேல் இருந்த வெறுப்பு அதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பங்குனி வெயில். பத்து மணிக்கே மண் சுட்டது.

குழந்தைவேலு முதலில் ஏற்றினார். வேலியோரம் ஒரு நல்ல தெர்மலைப் பிடித்து இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ பின்னால் வருகிறவரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. டாக்டர் அந்த மரியாதையை விடவில்லை. தானும் ஏற்றி, அதே தெர்மலுக்குள் நுழைந்து, இடப்பக்கமாகவே சுற்றினார்.

இரண்டும் ஏறின. ஏற ஏற நிறம் போனது. கார்பனும் தெர்மாகோலும் ஒன்றாகி, வானத்தில் இரண்டு கறுப்புக் கீற்றுகள்தான் மிஞ்சின.

"எப்படிச் சுத்துது பாருங்கப்பா," என்றார் ஒருவர்.

யாருடையதைச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. டாக்டருக்குக் காது சுட்டது. சட்டென்று திரும்பிக் குழந்தைவேலுவைப் பார்த்தார். அந்த மனிதர் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆறு பேரும் அப்படியே. ஆடு மேய்க்க வந்த அம்மாள்கூடக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்திருந்தார். டாக்டரை யாரும் பார்க்கவில்லை.

அந்த எட்டு முகங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது. ரிமோட் கையில் இருந்தது. விரல் குச்சியில் சும்மா கிடந்தது.

மீண்டும் மேலே பார்த்தபோது அங்கே இரண்டு இருந்தன.

ஒன்று தள்ளாடியது. காற்று உதைக்கும்போதெல்லாம் சாய்ந்து, சமாளித்து, மறுபடியும் சாய்ந்தது. இன்னொன்று அதற்குச் சற்றுக் கீழே, ஒரு அசங்கல் இல்லாமல், வட்டத்தின் மேல் வட்டமாக, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வட்டத்தை அவர் போட்டதில்லை. அது யாருடையது என்று ஒருவரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எது தன்னுடையது என்று சந்தேகம் வந்தால் குச்சியை ஒரு தடவை லேசாக அசைக்க வேண்டும். எது அசைகிறதோ அது உன்னுடையது. நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லை.

தள்ளாடுவது மேலே இருந்தது. மேலிருந்து இறங்கி மோத வேண்டும் என்றுதானே திட்டம்.

மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கீழே சுற்றிய அந்த அழகான கீற்றின்மேல் கண்ணை வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை. குச்சியை முன்னால் தள்ளினார்.

அது மூக்கைக் கவிழ்த்தது.

பார்த்துவிட்டான், ஓடுகிறான் என்று நினைத்தார். விடுவாரா? இன்னும் தள்ளினார். அது இன்னும் வேகமாக இறங்கியது. இடப்பக்கம் திருப்பினார். அதுவும் இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் மடக்கினார். அதுவும் வலப்பக்கம் மடங்கியது. கெட்டிக்காரன்தான், ஆனால் எத்தனை தூரம் ஓடுவாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியைக் கடைசி வரை அமுக்கினார்.

இறக்கை கிறீச்சிடும் சத்தம் தரை வரை கேட்டது. வெள்வேல மரத்துக்கு அந்தப் பக்கம் படாரென்று ஒரு சத்தம். கொஞ்சம் புழுதி எழுந்தது.

"விழுந்துருச்சு," என்றார் டாக்டர். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

கலாமணி பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"யாருதுங்க?" என்று கேட்டார்.

டாக்டர் திரும்பினார். குழந்தைவேலு இன்னும் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கட்டைவிரல் குச்சியின்மேல் அசைந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒன்று மட்டும் தள்ளாடிக்கொண்டிருந்தது.

டாக்டர் தன் குச்சியை அசைத்தார். மேலே இருந்தது அவர் சொன்னபடி திரும்பவில்லை. இன்னொரு தடவை அசைத்தார். அப்போதும் திரும்பவில்லை.

குழந்தைவேலு அந்த நல்ல தெர்மலை விட்டுவிட்டுத் தன்னுடையதைச் சுழற்றி அவசரமாக இறக்கினார். அது தரையில் மோதி வால் ஒடிந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரத்தை நோக்கி ஓடினார்.

கார்பன் இறக்கை மூன்று துண்டாகக் கிடந்தது. குழந்தைவேலு தோளில் கிடந்த துண்டை விரித்து, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கிச் சேர்த்தார். டாக்டர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கப்பலில் வந்த இறக்கை போனது அவருக்கு அப்போது பெரிதாகவே தெரியவில்லை. அந்த வட்டம் தன்னுடையதாக இருந்தது என்பதுதான் உறுத்தியது. அதைத் தன்னுடையது என்று தெரிந்து ஒரு நொடிகூட அவர் பார்க்கவில்லை.

மற்றவர்கள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். கலாமணி மட்டும் நடந்து வந்தார்.

குழந்தைவேலு மூட்டையைக் கட்டி முடித்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

டாக்டர் பார்த்தார்.

"ஒடைஞ்சதுக்கு காரணம் நாந்தானுங்க. ஆறு மாசமா நான் அந்த மாதிரி ஒரு சுத்துக்குத்தான் முட்டிட்டு இருக்கறேன். வர மாட்டீங்குது. ஓரக்கண்ணுல பாத்தேனுங்க, நீங்க குச்சியத் தொடாம, எங்களையே பாத்துட்டு நின்னீங்க, அது பாட்டுக்குச் சுத்துச்சு. பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுதுங்க. இது விழுந்தாத் தேவலைன்னு நெனச்சுப்போட்டேன். நெனச்சு முடிக்கலீங்க, விழுந்துருச்சு." அவருக்குக் குரல் உடைந்தது. "எம்பட கண்ணுதானுங்க பட்டுருச்சு."

டாக்டர் கலாமணியைப் பார்த்தார். கலாமணி ஒற்றைக் காலில் நின்று செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிற முகமாக இல்லை.

சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. குழந்தைவேலு இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் முன்னால் தலை நிமிர மாட்டார். தன் கிளைடரை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுப் பக்கம் வரவும் மாட்டார். டாக்டர் வேண்டியது அத்தனையும் ஒரு துண்டில் மூட்டை கட்டி அவர் முன்னால் நீட்டப்பட்டிருந்தது.

"உங்க கண்ணில்லீங்க," என்றார் டாக்டர். "எம்பட கண்ணு."

குழந்தைவேலுவுக்குப் புரியவில்லை. டாக்டருக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கலாமணியைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்க கண்ணே படுங்களா?"

"பட்டுதுங்க," என்றார் டாக்டர். "உக்காருங்க, சொல்றேன்."