ஐந்தாவது சீட்

"சீட் சரியில்லைங்க மேடம்," என்றார் சீடர்.

"எந்த சீட்?" என்று கேட்டார் குரு.

கேள்வி நியாயமானது. அது ஐந்தாவது சீட்.

குருவின் பெயர் தௌலத். வயது முப்பத்து மூன்று. கோவையில் ஒரு பைக் குழுவை நடத்துகிறவர். வடக்கே பனி மூடிய கணவாய்களைப் பலமுறை பைக்கில் கடந்தவர். சீடர் நீலமேகத்துக்கு நாற்பத்தொன்பது. கட்டட வரைபடம் போடுகிறவர். பனியை ஃப்ரிட்ஜில் மட்டும் பார்த்தவர். குரு வயதில் மூத்தவராக இருக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இருப்பதாகத் தோன்றுவது தாடிகளால் வந்த பிரமை.

மறுநாள் விடியலில் குழு இமயமலைக்குக் கிளம்புகிறது.

நீலமேகம் இதற்கு முன்பும் கிளம்பியிருக்கிறார். முதல் வருடம் கிருஷ்ணகிரியில் வலி தாங்காமல் திரும்பினார். அடுத்த வருடம் அதுகூட இல்லை, தொப்பூர். இந்தத் தடவையும் முடியாவிட்டால் பைக்கை விற்றுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதனால் இன்று உடுமலை வரைக்கும் ஒரு பரீட்சை ஓட்டம். குருவும் சீடரும் மட்டும்.

பொள்ளாச்சி வருவதற்குள்ளேயே சீடர் ஹாரன் அடித்து குருவை நிறுத்திவிட்டார்.

"முதல்ல கம்பெனி சீட். அப்புறம் ஜெல். அப்புறம் காத்தடிக்கிற குஷன். அடுத்தது ஆட்டுத்தோல். இது அளவெடுத்துத் தைச்சதுங்க. அட்டை மேல உக்காந்து, எலும்பு பதியற இடத்தை ஸ்கேல் வெச்சு அளந்து குடுத்தேன்."

"அட்டை மேலயா?"

"அட்டைப்பெட்டி. பிரிச்சுப் போட்டு."

"வீட்டுல பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க." சற்றுப் பொறுத்து, "பொண்ணு போட்டோவும் எடுத்துட்டா."

குரு சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது குருமார்களின் கடினமான பயிற்சிகளில் ஒன்று.

"தைச்சு வந்ததும் உக்காந்து பார்த்தீங்களா சார்?"

"போர்டிகோவுல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அது மேலயே உக்காந்து பேப்பர் முழுக்கப் படிச்சேன். வரி விளம்பரம் வரைக்கும். துளி வலி இல்லை. ரோட்டுக்கு வந்தா அரை மணி நேரம் தாங்கமாட்டேங்குது. ஸ்பாஞ்சை மாத்தணுமோ?"

"கிளம்புங்க," என்றார் குரு.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதியவர் தலைவருக்கு அடுத்து வரவேண்டும். நடுவில் வேறு வண்டி நுழையக்கூடாது. மற்றவர்கள் இதை ஒரு வழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். நீலமேகம் வேதமாக எடுத்துக்கொண்டார்.

குருவின் பின்விளக்கைத் தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை. குரு மாட்டுக்கு வேகத்தைக் குறைத்தால் இவர் பிரேக் பிடிப்பார். பள்ளத்துக்குக் குறைத்தால் பிரேக். தென்னந்தோப்பை வேடிக்கை பார்க்கக் குறைத்தாலும் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் வழுக்கி, டேங்க்கில் போய் முட்டி நிற்கும்.

குருவின் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. நீலமேகம்தான் தெரிந்தார்.

பொள்ளாச்சி தாண்டியதும் குரு வண்டியை ஓரம் கட்டினார். சீடரை இறங்கச் சொன்னார்.

சீட்டின் குறுகலான முனை பளபளவென்று இருந்தது. அகலமான பின்பகுதியில் செம்மண் தூசி படிந்திருந்தது.

குரு அந்தத் தூசியில் விரலால் ஒரு வட்டம் போட்டார்.

சீடர் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நன்றாகத் துடைத்தார்.

"ஸாரிங்க மேடம். காலையில கழுவித்தான் எடுத்தேன்."

குரு சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார்.

"நீங்க முன்னாடி போங்க."

"நானா?"

"இங்க வேற யாரும் இல்லையே."

"எனக்கு வழி தெரியாதுங்களே."

"ரோடு இருக்கு. போர்டு இருக்கு. உடுமலை பஸ் ஸ்டாண்டுகிட்ட டீ குடிக்கலாம்."

"நீங்க ஒட்டி வந்துருவீங்கதானே?"

"இல்லை. எனக்கு முதுகு வலிக்குது. மெதுவா வரேன்."

"உங்களுக்குமா?" என்றார் சீடர். குரலில் அனுதாபத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

குரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

முதலில் நீலமேகத்துக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. எதிரே சிவப்புப் பின்விளக்கு இல்லை. ரோடு மட்டும் இருந்தது, நிறைய இருந்தது.

தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினார். வண்டி தானே அடங்கியது. பிரேக் தேவைப்படவில்லை. லாரி ஒதுங்கியது, முறுக்கினார், உடம்பு பின்னால் போய் அமர்ந்தது.

ஒரு வளைவு வந்தது. அதை அவரே எடுத்தார். இன்னொன்று வராதா என்று இருந்தது. வந்தது.

காற்றாலைகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, மொத்த வானத்தையும் சுற்றிக்கொண்டு. இந்த ரோட்டில் அவர் குருவின் பின்னால் நான்கு முறை போயிருக்கிறார். காற்றாலைகள் இருப்பது இன்றுதான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் பாடத் தொடங்கினார். மழை தூறியது, பாட்டை நிறுத்தவில்லை. மழை விட்டது, அப்போதும் நிறுத்தவில்லை.

தக்காளி ஏற்றிய லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றபோதுதான் நின்றார்.

குரு வந்து சேர நேரமாயிற்று.

"டீ உடுமலையிலன்னு சொன்னேன்," என்றார்.

"உடுமலை வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பழனியும் வந்துச்சு. இது ஒட்டன்சத்திரம்."

சீடர் கடைப் பலகையைப் படித்துப் பார்த்தார். ஒட்டன்சத்திரம்தான்.

அவர் இன்னும் வண்டியைவிட்டு இறங்கியிருக்கவில்லை. டேங்க்குக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அதில் கையுறைகளைக் கழற்றி வைத்திருந்தார்.

தன் முழங்காலைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார், குருவின் வண்டியின் பின்விளக்கை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம்," என்றார். "நாளைக்கு நான் வரலாமுங்களா?"

"அதை முன்னாடி போறவங்ககிட்டதான் கேக்கணும்," என்றார் குரு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சீடரின் எதிரே நின்று கேட்டார்.

"நான் வரலாமுங்களா?"