வீட்டைக் கழற்றும் பாடம்

"மேடம், அந்த மனுஷன் ஒத்துக்க மாட்டேங்கிறாரு" என்றார் சௌந்தரபாண்டி.

பாதி ஆயுசைப் பொக்லைன் வைத்து வீடுகளை இடித்தே கழித்தவர் அவர். சேதமில்லாமல் ஒரு வீட்டைக் கழற்றி, அதன் மரமும் கல்லும் இன்னொரு வீட்டில் போய் நிற்கும்படி செய்வது எப்படி என்று, தன்னைவிட வயதில் சின்னவளான ரஷீதாவிடம் இப்போது பாடம் கேட்கிறார். ஓங்கிப் பழகின கையை அடக்கி வைப்பதே அவருக்குப் பெரும்பாடு.

"என்ன சொல்றாரு?"

"ரோட்டுக்காக வீடு போகுதுன்னா போகட்டும், மிஷினை விட்டு ஒரே நாள்ல தூளாக்கிடுங்க, பிச்சுப் பிச்சு ஊருக்குக் குடுக்காதீங்கங்கிறாரு. சாப்ட்வேர்ல போட்டேன் மேடம். எதை முதல்ல கழட்டணும், எது எந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும்னு சரியாச் சொல்லிருச்சு. அதைக் காட்டினா, எந்திரிச்சுப் போங்கன்னுட்டாரு."

"வீட்டைப் பத்தி அதுக்கு என்ன சொன்னீங்க?"

"என்ன மரம், என்ன வயசு, என்ன அளவு, எல்லாம்."

"எல்லாமா?"

சௌந்தரபாண்டி கையிலிருந்த அளவுப் பட்டியலைப் புரட்டினார்.

ரஷீதா லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். "வாங்கண்ணே, போவோம்."

வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி லூர்து இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரஷீதா கழற்றுகிற பேச்சையே எடுக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்றாள்.

"இங்க யாருங்கய்யா உக்காருவாங்க?"

தனிஸ்லாஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"லூர்து" என்றார் அவர். "தையல் மிஷின் இங்கதான் கெடந்துச்சு. காலை வெயில் நல்லா விழும். அவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."

ரஷீதா அதை அப்படியே சாப்ட்வேரில் தட்டினாள்: காலை வெயில், கண் மங்கலானவர் உட்கார்ந்து தைக்க.

இதையெல்லாமா இதற்குச் சொல்வது என்று சௌந்தரபாண்டி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் தேடிவிட்டு சாப்ட்வேர் ஒரு பெயரைக் காட்டியது.

"நத்தம் பக்கத்துல ஒரு அம்மா வீடு கட்டுறாங்கய்யா" என்றாள் ரஷீதா. "தையல்காரங்க. வெளிச்சமா ஒரு ஜன்னல் வேணும்னு கேட்டிருக்காங்க."

தனிஸ்லாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தனிஸ்லாஸ் எழுந்து வந்து ஜன்னலில் கை வைத்தார்.

"மழைக்காலத்துல இந்த எடது கதவு இறுகிக்கும்" என்றார். "இழுக்கக் கூடாது. லேசாத் தூக்கிவிட்டுத் தொறக்கணும். அந்த அம்மாகிட்டச் சொல்லிருங்க."