இருவாச்சி பார்த்த சுவர்

ஒரு மலைக்காட்டில் நெடுமூக்கன் என்ற இருவாச்சிப் பறவை குடும்பம் நடத்திவந்தது. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். வாசலை மண்ணால் அடைத்து, அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைப்பார்கள். சிறகு உதிர்ந்து உள்ளே கிடக்கும் அவளுக்கும் குஞ்சுகளுக்கும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உயிர்.

நெடுமூக்கனின் மனைவியும் குஞ்சுகளும் இப்போது அப்படித்தான் பொந்துக்குள் இருந்தார்கள். அவனுக்கு அன்பில் குறைவில்லை. ஆனால் அவன் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவன். ஒரு நாள் காலையில், 'உடும்பு வந்து இந்த மண்சுவரைப் பிறாண்டினால்?' என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை. உடும்பின் நகமும், உள்ளே மனைவி அலறுவதும் கண்முன்னே ஓடின.

அத்தி மரத்துக்குக் கிளம்பினான். பாதி வழியில் ஒரு சந்தேகம். 'சுவர் சரியாக இருந்ததா? பார்த்தேனா?' திரும்பி வந்தான், பார்த்தான், பறந்தான். ஆற்றைத் தாண்டுவதற்குள் மறுபடி அதே சந்தேகம். அன்று முழுக்க இதே அலைச்சல். மறுநாளும் அதேதான். அலகில் ஒரு பழம்கூட இல்லை.

பக்கத்துக் கிளையிலிருந்த மந்தி சிரித்தது. "என்ன மாமா, மறுபடியும் வந்துவிட்டீர்கள்? சுவர் எங்கேயாவது ஓடிவிடுமா?"

"கேலி பண்ணாதே! உடும்பு வந்தால் நீயா பொறுப்பு?"

பொந்துக்குள்ளிருந்து மனைவி சாமந்தியின் குரல் மெலிந்து வந்தது. "ஏங்க, குஞ்சுகள் நேற்றிலிருந்து பட்டினி. சின்னது கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது."

நெடுமூக்கன் இடுக்கின் பக்கம் குனிந்தான். "உங்களுக்காகத்தானே இத்தனை தடவை சுவரைப் பார்க்கிறேன்!"

"சரி, கண்ணை மூடுங்கள். இப்போது பார்த்தீர்களே, சுவர் எப்படி இருந்தது?"

அவன் யோசித்தான். "நீள நகம்... பிளந்த நாக்கு..."

"அது உடும்பு. நான் சுவரைக் கேட்டேன்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இப்போது ஒரே ஒரு தடவை, சுவரை மட்டும் பாருங்கள். தொட்டும் பாருங்கள்."

அலகால் தட்டினான். மண் கல்லாக இறுகியிருந்தது. ஓரத்தில் ஓர் அத்தி விதை ஒட்டியிருந்தது. அதன்மேல் எறும்பு ஒன்று ஊர்ந்தது. இத்தனை தடவை வந்தும் அதெல்லாம் அவன் கண்ணில் பட்டதே இல்லை.

பறந்தான். ஆற்றின் மேல் போகும்போது சந்தேகம் வந்தது. உடும்பும் வந்தது, நகத்தோடு. இறக்கை தானாகவே வந்த வழிக்குத் திரும்பப் பார்த்தது.

"நீ என் தலைக்குள் இருக்கிறாய். என் குஞ்சுகள் பொந்துக்குள் இருக்கின்றன" என்று உடும்பிடம் சொன்னான். பயம் தீரவில்லை. தீராமலேயே அத்தி மரத்துக்கு விரைந்தான்.

இருட்டுவதற்குள் இடுக்கு வழியாகப் பழங்கள் உள்ளே போயின. முதலில் பெரிய குஞ்சு கத்தியது. நெடுமூக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கொஞ்சம் பொறுத்து, சின்னதும் கத்தியது.

நீதி: மனம் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், கண் எத்தனை முறை பார்த்தாலும் சந்தேகம் தீராது. ஒருமுறை உள்ளபடி பார்த்துவிட்டு, பயம் கூடவே வந்தாலும் வேலைக்குப் போக வேண்டும்.