எல்லாம் சரி, காற்று மட்டும் வரவில்லை

"எல்லாம் நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா காத்து வரல," என்றார் போஜராஜ்.

எஸ்தர் வேறொரு காரின் அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"நல்லா இருந்தா வருமே," என்றாள் அங்கிருந்தே.

போஜராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் ஓட்டியவர். ஃபேக்டரியை மூடியபின் குன்னூரில் எஸ்தரின் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்கு வந்து, வேலை சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார். அவளுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. அவள் அவரை அண்ணா என்றாள். அவர் அவளை மாஸ்டர் என்றார். எட்டு மாதமாகிறது.

இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு காரை முழுசாக அவரிடம் விட்டிருந்தாள்.

கார் ஷாகுலுடையது. வாடகைக்கு ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வாடகைக்குப் போகமாட்டார். அந்த நாட்களில் மனைவி மைமூனை டயாலிசிஸுக்கு மேட்டுப்பாளையம் கூட்டிப்போக வேண்டும்.

நவம்பர் மழை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துவிடும். ஹீட்டர் காற்றுதான் அதை விரட்டும். நான்கு நாளாகக் காற்று இல்லை. போன தடவை ஷாகுல் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் துணியுமாக மலை இறங்கினார். ஒரு கொண்டை ஊசி வளைவில், துணியால் துடைத்த இடத்தில் திடீரென்று ஒரு பஸ்ஸின் முகம் தெரிந்தது.

காலையிலிருந்து மைமூன் காரின் பின்சீட்டிலும் ஷாகுல் வெளியிலும் காத்திருந்தார்கள். இன்று நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இப்போது ஒன்றரை.

எஸ்தர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"ஃபியூஸ் பார்த்தேன், சரி. ரிலே மாத்திப் போட்டேன், சரி. சுவிட்சும் சரி. மோட்டாரைக் கழட்டி நேரா பேட்டரியில கொடுத்தேன். பம்பரமா சுத்துது. திருப்பி மாட்டினா செத்துப்போகுது."

"மோட்டார் வரைக்கும் கரண்ட் வருதா?"

"வருது. மீட்டர் காட்டுது."

"மீட்டரோட கறுப்பு முனையை எங்க வச்சீங்க?"

"ஒயர் இழுத்து பேட்டரி நெகட்டிவ்ல வச்சேன்."

"எல்லாத் தடவையும்?"

"எல்லாத் தடவையும்."

எஸ்தர் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

போஜராஜ் காத்திருந்தார். அந்த "ம்" சரி என்பதா, தப்பு என்பதா, அவருக்குப் புரியவில்லை.

"இன்னொரு தடவை மோட்டாரைக் கழட்டட்டுமா மாஸ்டர்?"

"கழட்டுங்க."

"கழட்ட வேண்டாமா?"

"வேண்டாம்னா விடுங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கீழே வைத்தார்.

எஸ்தர் திறந்திருந்த பானட்டைக் கடந்து போனாள். பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, மைமூனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், கோளாறு முன்னாடி இருக்கு," என்றார் ஷாகுல்.

அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, காத்து எப்பலேர்ந்து வரல?"

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து," என்றார் ஷாகுல் வெளியே இருந்து.

எஸ்தர் திரும்பவில்லை. "அக்கா?"

மைமூன் கணவரை ஒருதரம் பார்த்தாள். சால்வையை இழுத்துக்கொண்டாள். பேசுவதற்கு முன்னால் மூச்சு சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை சுத்தமா நின்னுச்சு. அதுக்கு முன்னாடியும் விட்டு விட்டுத்தான் வந்துச்சு. மழை பெஞ்சா நின்னுரும். ரெண்டு நாள் வெயிலடிச்சா வரும்."

"வேற?"

"வேற என்ன... கால் நனையும்."

"எந்தக் கால்?"

"இடது கால். எப்பவும் முன் சீட்லதான் உட்காருவேன். இன்னிக்கு வேலை நடக்குதேன்னு பின்னாடி வந்தேன். முன்னாடி உட்கார்ந்தா சாக்ஸெல்லாம் ஈரமாயிரும்."

எஸ்தர் இறங்கினாள்.

"அண்ணா, முன் சீட்டுக்குக் கீழ கால் வைக்கிற மேட்டைத் தூக்குங்க."

தூக்கினார். அடியில் இருந்த கார்பெட்டை விரலால் அழுத்தினார். தண்ணீர் கசிந்தது.

"தண்ணிக்கும் காத்துக்கும் என்ன மாஸ்டர் சம்பந்தம்?"

"கையை உள்ள விடுங்க. இடது பக்கத் தகரத்துல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். டேஷ்போர்டுக்குக் கீழே, ஓரத்தில், ஒரு போல்ட் தட்டுப்பட்டது. அதில் ஒரு ஒயர். லேசாக இழுத்தார். போல்ட்டோடு சேர்ந்து துரு பொடிப்பொடியாக உதிர்ந்து ஒயர் கையோடு வந்துவிட்டது.

கறுப்பு ஒயர். மோட்டாரின் எர்த்: கரண்ட் காரின் தகரத்துக்குத் திரும்பிப் போகும் வழி.

கரண்ட் மோட்டாருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் போக வழிதான் இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவரே பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நல்ல வழி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறார். அதனால் எல்லாமே சரியாக இருந்திருக்கிறது.

அவர் அந்த ஒயரின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மணி ரெண்டாகப் போகுது அண்ணா," என்றாள் எஸ்தர்.

தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புது போல்ட் போட்டு ஒயரை முறுக்கினார். பானட்டை மூடினார். ஷாகுல் சுவிட்சைத் திருகினார்.

முதலில் காய்ந்த இலைத்தூள் பறந்து வந்தது. பிறகு காற்று. முன்கண்ணாடியின் வெள்ளைப் படலம் கீழேயிருந்து மெல்ல விலக, எதிரே தெரு தெரிந்தது.

"மழை உள்ள வர்ற இடத்தை ஞாயித்துக்கிழமை வந்து அடைச்சுக்கங்க பாய்," என்றாள் எஸ்தர்.

ஷாகுல் தலையாட்டினார். மைமூனைக் கையைப் பிடித்து முன் சீட்டுக்கு மாற்றி உட்காரவைத்தார். மேட்டுக்கு மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். பிறகு கொஞ்சம் கோபமாகக் கேட்டார்.

"கால் நனையுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். மேட்டை வெயில்ல போடுன்னீங்க."

ஷாகுல் சாக்கை இன்னொருமுறை சரிசெய்தார்.

"இந்த அண்ணன்கிட்டயும் சொன்னேன். காலையிலேயே," என்றாள் மைமூன்.

போஜராஜ் திடுக்கிட்டார்.

"என்கிட்டயா? எப்பம்மா?"

"நீங்க தலையை உள்ள விட்டு ஏதோ பார்த்துட்டிருந்தீங்க. முன்னாடி உட்கார்ந்தா கால் ஈரமாகுது அண்ணேன்னு சொன்னேன். ஹீட்டர் ஓடினா காஞ்சிடும்மான்னு சொன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

கார் கிளம்பியது. வளைவில் திரும்பி, மழைக்குள் இறங்கியது.

போஜராஜ் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையில் மீட்டர் காட்டிய எண் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. ஃபியூஸில் எவ்வளவு, சுவிட்சில் எவ்வளவு, மோட்டார் வாயில் எவ்வளவு. அந்த அம்மாவின் குரல் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

எஸ்தர் அடுத்த காரின் அடியில் நுழையப் போனாள்.

"மாஸ்டர், அவங்க நிஜமாவே என்கிட்ட சொன்னாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."